பெட்டி கட்டத் தெரிந்தவள்

தம்பி, உன் மீது அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். அசர் தொழுதுவிட்டு, கூடத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பேச வேண்டியதைப் போனில் பேசாமல் உம்மா எதற்குத் தாளைத் தேடினாள் என்று நினைப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை புனே ராணுவ அகாடமியிலிருந்து நீ முதல்முறையாகக் கூப்பிட்டபோது எனக்கு வாய் வரவில்லை. உனக்குப் பின்னால் எத்தனை பிள்ளைகள் வரிசையில் நின்றார்களோ, நீ மூச்சுவிடாமல் பேசினாய். நான் சாப்பிட்டாயா என்று கேட்டேன். நீ சாப்பிட்டேன் என்றாய். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டேன். பெற்று வளர்த்தவளுக்கு இந்த ஒரு கேள்விதான் மிச்சமா என்று போனை வைத்த பிறகு எனக்கே எரிச்சலாக வந்தது. சொல்ல வேண்டிய வார்த்தை வேறு என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைச் சொல்லாமலே உன்னை அனுப்பினேன். ஏன் சொல்லவில்லை என்பதை எழுதத்தான் உட்கார்ந்தேன். பிள்ளையை அனுப்பிவிட்டு இருக்கிற வேறு எந்தத் தாயின் கையில் இது கிடைத்தாலும் அவளும் படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

பெட்டி கட்டுவதில் இந்தக் காரைக்காலில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று உன் வாப்பா சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்குக் கட்டியே பழகிய கை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை துபாயிலிருந்து வருவார். கூடத்தில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்தால் சோப்பும் பேரீச்சம்பழமும் கலந்து வீடு முழுக்க மணக்கும். லீவு முடிகிற வாரம் அதே அட்டைப்பெட்டிகளில் மாசிக் கருவாட்டுத் தூளும் ஊறுகாயும் கைலியும் ஏறும். கனமானது அடியில், உடைவது துணிக்கு நடுவில், எண்ணெய்ச் சாமான் இரண்டு பாலித்தீன் பைக்குள். நைலான் கயிறு போட்டு இறுக்கி, நாலு பக்கமும் பேர் எழுதிவிட்டு, ஒரு தடவை தூக்கிப் பார்த்தே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவேன். விமான நிலையத்தில் ஒருநாளும் அவர் பெட்டியைத் திறந்து சாமானை வெளியே எடுத்துவைத்ததில்லை. என் கோபத்தையும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறேன் என்று கேலி செய்வேன். "அப்ப கூடுதல் வெயிட்டுக்கு நீதான் காசு கட்டணும்" என்பார். அப்படிப் பேசிப் பேசியே எங்கள் குடும்ப வாழ்க்கை ஓடியது. சேர்ந்திருந்த நாட்களை எண்ணினால் பாவமாக இருக்கும், அதனால் நான் எண்ணுவதில்லை.

நீ என்னென்ன கொண்டு வர வேண்டும் என்று அகாடமியிலிருந்து வந்ததைப் படித்துக் காட்டினாய். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், வெள்ளை பனியன், வெள்ளை கேன்வாஸ் ஷூ, கறுப்பு டிரங்குப் பெட்டி. இவ்வளவு வெள்ளையா, ராணுவத்துக்குப் போகிறாயா ஹஜ்ஜுக்குப் போகிறாயா என்று கேட்டேன். நீ சிரித்தாய். எனக்கு உள்ளுக்குள் வேறொரு வெள்ளைத் துணி ஞாபகம் வந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை. துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தோம். தையல்காரர், கல்யாணம் யாருக்கு என்று விசாரித்துக்கொண்டே உன் தோளை அளந்தார். டிரங்குப் பெட்டியை உன் மாமா ஸ்கூட்டியில் முன்னால் நிற்க வைத்துக் கொண்டுவந்தான். அதில் பேர் எழுத அவனுக்குத் தெரிந்தவர், கீழவாஞ்சூரில் நிலக்கரி லாரிகளுக்கு நம்பர் எழுதுகிறவர். நல்ல மனிதர், கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஆனால் பழக்க தோஷத்தில் உன் பேருக்கு இரண்டு பக்கமும் சிவப்பு ரோஜாப்பூ வரைந்துவிட்டார். அதைப் பார்த்து நீ தலையில் கை வைத்தாய். டர்பன்டைன் ஊற்றி நீயும் மாமாவும் ரோஜாவைத் துடைத்ததையும், துடைக்கத் துடைக்கப் பெட்டி முழுக்க இளஞ்சிவப்பாகப் போனதையும் நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. உன் வாப்பா இறந்த பிறகு இந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

தெருவுக்கு விஷயம் தெரிந்ததும் நடந்த கூத்து உனக்கே தெரியும். நம் ஊரில் வெளியூர்ப் பயணத்துக்கு சபர் என்று பேர். பிள்ளை சபர் கிளம்புகிறான் என்றால் அது துபாய், இல்லாவிட்டால் சவூதி. பட்டாளத்துப் பள்ளிக்கூடம் என்று எத்தனை தடவை சொன்னாலும் யாருக்கும் மண்டையில் ஏறவில்லை. எதிர்வீட்டு மும்தாஜ் லாத்தா அபுதாபியில் இருக்கிற தன் மருமகனுக்கு ஒரு டப்பா தம்ரூட் இனிப்பு கொண்டுவந்து, "அவரு ரூமு பக்கத்துலதான் இருக்கும், குடுத்துடு தம்பி" என்றாள். புனே எங்கே, அபுதாபி எங்கே. நீ பொறுமையாக மேப்பைக் காட்டி விளக்கினாய். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியானால் நீயே சாப்பிட்டுக்கொள் என்று டப்பாவை வைத்துவிட்டுப் போனாள். நான் மட்டும் ரொம்ப ஒழுங்கா? உனக்கும் சபர் பெட்டிதான் கட்டினேன். வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவில் மாசி சம்பல் பாட்டிலை ஒளித்தேன். இரண்டு வருஷத்துக்கு வராத ஆளுக்குக் கட்டுகிற மாதிரியே என் கை தானாகக் கட்டியது. நீ பார்த்துவிட்டு, "உம்மா, டேர்ம் முடிஞ்சதும் லீவு உண்டு, வந்துடுவேன்" என்றாய். அவரும் வந்துவிடுவேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.

நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. சபர் கிளம்புகிறவர் நம் ஊரில் சும்மா கிளம்புவதில்லை. சொந்தக்காரர் வீடு, பக்கத்து வீடு எல்லாம் ஏறி இறங்கிப் பயணம் சொல்ல வேண்டும். ஏதாவது மனம் நோக நடந்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள், அதாவது மனசார மன்னித்துவிடுங்கள் என்று கேட்க வேண்டும். பொருந்திக்கிட்டேன், நல்லபடியா போயிட்டு வாங்க என்று அவர்களும் சொல்ல வேண்டும். மனத்தாங்கல் எதையும் பாக்கி வைக்காமல் கிளம்புவது. போன இடத்தில் என்ன ஆகுமோ என்பதற்காக வந்த வழக்கம், ஆனால் அந்தக் காரணத்தை மட்டும் யாரும் வாயால் சொல்வதில்லை. ஊரெல்லாம் கேட்டு முடித்து, கடைசியாக வாசற்படி இறங்கும்முன் வீட்டில் இருப்பவளிடம் கேட்பார்கள்.

உன் வாப்பா கடைசியாக வந்த லீவில் அவருக்குத் திரும்பிப் போக மனமே இல்லை. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றார். வெயிலில் நின்று நின்று உடம்பு தளர்ந்துவிட்டது என்றார். ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "இந்தத் தடவ போவாம இருந்துடவா?" என்று கேட்டார். தம்பியின் படிப்பு ஒரு வழிக்கு வரட்டும், இன்னும் ஒரே ஒரு தடவை போய்விட்டு வாருங்கள் என்று சொன்னேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நீ உள்ளே படித்துக்கொண்டிருந்தாய், உன் காதில் விழுந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கிளம்புகிற அன்று வாசலில் கார் வந்து நிற்கிறது, போனில் உன் பெரியம்மா பேசிக்கொண்டிருக்கிறாள், அவர் என் முன்னால் வந்து நின்று பொருந்திக்க என்று கேட்கிறார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "எல்லாம் பொருந்திக்கிட்டாச்சு, கெளம்புங்க, நேரமாச்சு" என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொன்னேன். ஏழு மாதத்தில் அவர் ரூமில் தூக்கத்திலேயே போய்விட்டதாகச் செய்தி வந்தது. அங்கேயே அடக்கினார்கள். முகத்தைப் பார்க்கவில்லை. யாரோ போனில் அனுப்பிய படத்தில் ஒரு மண்மேடு இருந்தது, அதற்கு இரண்டு பக்கமும் இன்னும் நிறைய மண்மேடுகள் இருந்தன. எது அவருடையது என்று உன்னைத்தான் கேட்டேன். நீ விரலை வைத்துக் காட்டினாய், உனக்கும் தெரியாது என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு என் மனசு எப்படி வேலை செய்தது என்பதைக் கேட்டால் நீ சிரிக்கலாம். நம் மார்க்கத்தில் இதற்கெல்லாம் இடமில்லை, எது எப்போது என்பது அவன் கையில் இருக்கிறது, நானே பத்துப் பேருக்குச் சொல்வேன். ஆனாலும் அவர் போனதற்காக இத்தா இருந்த மாதங்களில், வெளியே போகாமல் அந்த அறையிலேயே கிடந்தபோது, ஒரே நினைப்பு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது. எல்லாவற்றையும் பொருந்திக்கொண்டு, துடைத்து, முடித்து அனுப்பிவிட்டேன். வீட்டோடு ஒரு பாக்கியும் இல்லாத மனிதர் எதற்காகத் திரும்பி வர வேண்டும்? ஏதாவது ஒரு சண்டையை மிச்சம் வைத்திருந்தால், அதைத் தீர்க்கவாவது வந்திருப்பாரே என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்தப் பைத்தியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழுந்து உட்கார்ந்தேன்.

அந்த இத்தா நாட்களில்தான் நீ இன்டர்வியூவுக்குப் போய் வந்தாய். போகாதே என்று சொல்ல எனக்கு அன்று தெம்பில்லை, கிடைக்காது என்ற நம்பிக்கையும் இருந்தது. கிடைத்துவிட்டது. மாமா உன்னைத் தூக்கிச் சுற்றினான். விடியற்காலையில் வரிச்சிக்குடி ரோட்டில் நீ ஓட, அவன் பின்னாலேயே ஸ்கூட்டியில் வந்த நாளெல்லாம் வீண்போகவில்லை என்று அவனுக்குப் பெருமை. நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். பெற்றோர் சம்மதக் கையெழுத்துக்கு நீ பேனாவை நீட்டியபோதுதான் வெடித்தேன். ஒருத்தரின் மையத்து முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்காதவள் நான், உன்னையும் கொடிக்குள் சுற்றிக் கொண்டுவந்து போடுவார்கள், அதைப் பார்க்கத்தான் உயிரோடு இருக்க வேண்டுமா என்று கத்தினேன். அப்போது நீ சொன்னாய்.

"வாப்பாவ நீங்கதான உம்மா அனுப்பி வச்சீங்க. அவங்க போவலன்னுதான சொன்னாங்க."

சொன்னவுடனே உன் முகம் வெளுத்துப்போனது. நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டேன். கோபத்தில் போட்ட கையெழுத்து இல்லை. நீ சொன்னது நிஜம், அவ்வளவுதான். சோறு வடிப்பதற்குள் உன்னை மன்னித்துவிட்டேன். அன்று ராத்திரி நீ சாப்பிட வராமல் படுத்திருந்தபோது தட்டை எடுத்துக்கொண்டு வந்து ஊட்டினேனே, அதற்கு அர்த்தம் என்ன என்று நினைத்தாய்?

ஆனால் கிளம்புகிற அன்று நான் செய்ததுதான் வேறு. அதற்கு முந்தின இரண்டு நாளும் தெருவெல்லாம் ஏறி இறங்கிப் பயணம் சொன்னாய். மும்தாஜ் லாத்தாவிடம், தம்ரூட் விஷயத்தில் சிரித்ததற்கும் சேர்த்துப் பொருத்தம் கேட்டாயாம், வந்து சொன்னாள். டிரங்குப் பெட்டி ஆட்டோவில் ஏறிவிட்டது. மாமா டிக்கெட்டை மூன்றாவது தடவையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நீ என் முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாய். உன் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

"உம்மா, நான் அன்னக்கி பேசுனது, எல்லாத்தையும், பொருந்திக்கங்க."

நான், "தண்ணி பாட்டிலு எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டேன். எடுத்துக்கொண்டேன் என்றாய். கையை விடாமல் நின்றாய். மறுபடியும் கேட்டாய், இந்தத் தடவை குரல் உடைந்தது. நான் கையை உருவிக்கொண்டு, பெட்டிப் பூட்டுச் சாவியை எங்கே வைத்தேன் என்று உள்ளே தேடப் போனேன். சாவி உன் கழுத்திலேயே கயிற்றில் தொங்கியது, அதை மாட்டிவிட்டதே நான்தான். வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. நான் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ எவ்வளவு நேரம் வாசலில் நின்றாய் என்று எனக்குத் தெரியாது. நான் வெளியே வந்தபோது ஆட்டோ தெருமுனை திரும்பிவிட்டது.

அன்று பேசியதை நான் மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே நீ அவ்வளவு தூரம் ரயிலில் போயிருக்கிறாய். சென்னை தாண்டும்வரை நீ வாய் திறக்கவில்லை என்று மாமா திரும்பி வந்து சொன்னான். சாப்பாட்டுச் சாமான் எதுவும் உள்ளே விடமாட்டார்கள் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்களாம், மாசி சம்பலையும் தம்ரூட்டையும் அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாயாம். வருகிற வழியில் லீவில் ஊருக்குப் போகிற ஒரு சிப்பாயோடு சேர்ந்து தம்ரூட்டைத் தின்று தீர்த்ததாகச் சொன்னான். மும்தாஜ் லாத்தாவிடம் நீ ருசித்துச் சாப்பிட்டதாகச் சொல்லிவைத்திருக்கிறேன், நீயும் அப்படியே சொல். மாசி சம்பல் பாட்டில் அப்படியே என் கைக்கு வந்தது. நான் கட்டிய பெட்டியிலிருந்து முதல்முறையாக ஒரு சாமான் திரும்பி வந்திருக்கிறது.

எனக்கு அப்போதும் உறுத்தவில்லை, நிஜத்தைச் சொல்கிறேன். மனசு கனத்தது, ஆனால் உள்ளுக்குள் ஒரு திருட்டு நிம்மதி இருந்தது. பாக்கி இருக்கிறது, வருவான் என்று நினைத்துக்கொள்வேன். தொழுது முடித்து உனக்காக துஆ கேட்பேன், கேட்டுவிட்டு இந்தத் தைரியத்தையும் ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்வேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். தொண்டை கட்டியிருந்தது. தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள், கண்ணாடியில் பார்த்தால் வாப்பா மாதிரி இருக்கிறேன் என்றாய். ஓடுவது, கயிறு ஏறுவது, தூங்க நேரமில்லாதது எல்லாம் சொன்னாய். நான் சாப்பிட்டாயா என்றேன். அப்புறம் குரலைத் தாழ்த்தி, யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னாய்.

"உம்மா, வாப்பாக்கு பொருந்திக்கிட்டேன்னு சொல்லி அனுப்புனீங்க, அவங்க வரல. அதான எனக்கு சொல்லல? எனக்குப் புரிஞ்சிடுச்சு. சொல்லாமயே இருங்க. உங்களுக்கு அதுல தைரியம்னா அப்படியே வச்சுக்கங்க."

அதற்குத்தான் நான் இரண்டாவது தடவையாகச் சாப்பிட்டாயா என்று கேட்டேன். லைன் போய்விட்டது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து அழுதேன். உன் வாப்பாவின் செய்தி வந்த அன்றுகூட அப்படி அழுததில்லை, அன்று சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். என் பயத்தைத் தூக்கிக்கொண்டு நீ ஓடுகிறாய். முதுகில் ஏற்றுகிற மூட்டை போதாதென்று இதையும் உம்மா ஏற்றிவிட்டிருக்கிறாள். பெட்டியில் எதை வைக்க வேண்டும், எதை வைக்கக் கூடாது என்று தெரிந்தவள் என்று பேர் வாங்கியவள் செய்கிற வேலையா இது?

தம்பி, நாளைக்கு உனக்குக் கீழே ஆட்கள் இருப்பார்கள் என்று மாமா சொல்கிறான். உன்னைவிட வயதில் மூத்தவர்கள்கூட இருப்பார்களாம். தப்பு செய்துவிட்டு உன் முன்னால் வந்து நிற்பார்கள், வீட்டுக் கவலையோடு வந்து நிற்பார்கள். அவர்களை நிற்க வைத்துவிட்டு நீ தண்ணீர் பாட்டிலைப் பற்றிப் பேசாதே. மன்னிக்கிறதாக இருந்தால் வாயைத் திறந்து சொல்லிவிடு. மனசுக்குள் மன்னித்தது எதிரே நிற்கிறவனுக்குத் தெரியாது. உனக்கு அழுகை வந்தால் அதையும் அடக்காதே, பக்கத்துக் கட்டில் பிள்ளையும் போர்வைக்குள் அதைத்தான் செய்துகொண்டிருப்பான். தொழுகையை விடாதே, முடியாத நேரத்தில் மனசால் தொழு. மழையில் நனைந்தால் தலையை நன்றாகத் துவட்டு. இதையெல்லாம் எழுதுகிறேனே தவிர, கேட்கிற வயசை நீ தாண்டிவிட்டாய் என்று எனக்குத் தெரிகிறது. பதினெட்டு வயசில், தன்னை மன்னிக்க வேண்டாம் என்று தாய்க்கே விட்டுக்கொடுக்கிற பிள்ளைக்கு நான் என்ன புத்தி சொல்வது?

நீ திரும்பி வருவாய் என்பதற்கு என்னிடம் பிணை எதுவும் கிடையாது. எந்தத் தாயிடமும் கிடையாது. இது எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன். நீ அன்றைக்குப் பேசியதை, பேசாமல் மனசில் நினைத்ததை, சின்ன வயசிலிருந்து செய்த எல்லாவற்றையும் முழு மனசோடு பொருந்திக்கிட்டேன் தம்பி. உன் மேல் எனக்கு ஒரு பாக்கியும் இல்லை. லேசாக ஓடு. நல்லபடியாப் போயிட்டு வா.

இனி என் முறை. பொருத்தம் கேட்க வேண்டியது கிளம்புகிறவர் மட்டும் என்று யார் சொன்னது? போகமாட்டேன் என்று நின்ற மனிதரை நான்தான் அனுப்பிவைத்தேன். உனக்கு வாப்பா இல்லாமல் போனதில் என் வார்த்தையும் இருக்கிறது. அதை அவரிடம் கேட்க எனக்கு வழியில்லை, உன்னிடம்தான் கேட்க வேண்டும். நீ என்னைப் பொருந்திக்கொள். ஆனால் இதற்குக் கடிதத்தில் பதில் எழுதாதே, ஞாயிற்றுக்கிழமை போனிலும் சொல்லாதே. லீவில் வந்து, என் எதிரில் உட்கார்ந்து, நீயே உன் வாயால் சொல். அதுவரைக்கும் நான் காத்துக்கொண்டிருக்கிறேன்.